வெயில் தாங்குற ஒடம்பு

சேரியிலிருந்து ஒருத்தன் ஓடினால் அதற்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும் என்று ஊர் நினைத்திருந்தது. ஒன்று, எதையோ எடுத்துக்கொண்டு ஓடுகிறான். இல்லையென்றால் எழவு சொல்ல ஓடுகிறான். முதல் காரணத்துக்கு அடி விழும். இரண்டாவதுக்கு நெல்லோ சில்லரையோ கிடைக்கும். தன் உடம்பைத் தேற்றிக்கொள்வதற்காக எங்களில் ஒருத்தன் ஓடுவான், அதிலும் ஒரு பெண் ஓடுவாள் என்பது ஊர்க்காரர்கள் கணக்கிலேயே இல்லை.

எங்க தாத்தா எழவு சொல்ல ஓடியவர். ஊர்த்தெருவில் யாராவது செத்தால் பொழுது பார்க்காமல் ஆள் வரும். வாசலுக்கு வர மாட்டார்கள், தெருமுனையில் நின்று குரல் கொடுப்பார்கள். தாத்தா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். பண்ருட்டிப் பக்கம் செத்தவருடைய சம்பந்தி வீடு, புவனகிரிப் பக்கம் தங்கச்சி வீடு, அப்புறம் பொணம் எடுப்பதற்குள் திரும்பி வந்து பறையோடு நிற்க வேண்டும். காலில் செருப்பு கிடையாது. இருந்தாலும் அந்தத் தெருவில் போட முடியாது. சேதி சொன்ன வீட்டில் தண்ணி கேட்டால் கையைக் குவிக்கச் சொல்லி மேலேயிருந்து ஊற்றுவார்கள். "மார்கழியில செத்தவனுவோ புண்ணியவானுவோ. சித்திரையில செத்தவனுவோதான் என்னையும் சேத்துக் கொன்னானுவோ" என்பார். அந்த ஓட்டத்துக்கு யாரும் நேரம் குறித்து வைக்கவில்லை. குறித்திருந்தால் இன்றைக்கு அதை எடுத்துப் பார்த்து நான் பெருமைப்படுவேன் என்று நினைக்கிறீர்களா? மாட்டேன்.

இப்போது எங்கள் காலனிப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். திருப்பாதிரிப்புலியூரைச் சுற்றியுள்ள நாலு காலனிகளிலிருந்து பத்தொன்பது பேர், அதில் ஏழு பெண்கள். பதினெட்டிலிருந்து இருபத்திநாலு வயசு. எல்லோருக்கும் கண் போலீசு வேலை மேலே இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் பட்டாளம் என்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவர் பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற குறிஞ்சிப்பாடிப் பக்கத்து மாமா ஒருத்தர். நான் கடிகாரம் பிடிக்கிறேன், பெயர் எழுதுகிறேன், பெண் பிள்ளைகளின் வீட்டில் போய்ப் பேசுகிறேன், தண்ணிக் குடம் தூக்குகிறேன். எனக்கு முப்பத்தாறு வயசு. எம்.ஏ. தமிழ் படித்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். பின்னால் அவர்களைப் பற்றியும் சொல்கிறேன்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு வைத்திருக்கிற ஓட்டக் கணக்கு இதுதான்: ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில். 400 மீட்டர் மைதானத்தில் 1500 என்பது மூன்றே முக்கால் சுற்று. ஒரு சுற்றுக்கு 112 விநாடி. அதற்குப் பிறகுதான் கயிறு ஏறுவது, தாண்டுவது எல்லாம். ஓட்டத்தில் ஒரு விநாடி பிந்தினாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உயரத்தில் எங்கள் பையன்களுக்கு மூன்று சென்டிமீட்டர் சலுகை உண்டு, 170க்குப் பதில் 167. இதைச் சொல்லிக் காட்டாத ஆள் கிடையாது. ஓட்டத்தில் ஒரு விநாடி சலுகைகூட இல்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நகரத்தில் ஒரு மைதானம் இருக்கிறது, பெயர் வேண்டாம். காலையில் அங்கே நடைப்பயிற்சிக்காரர்களின் ராச்சியம். சர்க்கரை வியாதிக்காரர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், கடை முதலாளிகள். அவர்கள் நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் நாலு பேர் கை கோத்த மாதிரி தடத்தை அடைத்துக்கொண்டு நடப்பார்கள். பின்னால் ஓடி வருகிறவன் "சார், வழி" என்றால் முறைப்பார்கள். "கும்பலா வந்தா எப்பிடி? ஆபீசுல எழுதிக் குடுத்துட்டு வாங்க" என்றார் அங்கே இருந்தவர். எழுதிக் கொடுத்தோம். "நாளைக்கி வாங்க" என்றார்கள். அப்புறமும் நாளைக்கி. சிதம்பரத்துக்குப் போக ஆசைப்பட்டவரையே நாளைப்போவாராக ஆக்கி வைத்த பூமி இது, எங்களுக்கென்ன புதுசா? விட்டுவிட்டோம். புறம்போக்குத் திடல் ஒன்றில் கருவேலஞ்செடியை வெட்டிவிட்டு, டேப் வைத்து அளந்து, சுண்ணாம்புக்குப் பதில் சாம்பல் போட்டு 200 மீட்டர் வட்டம் ஒன்று போட்டோம். செவ்வாய்க்கிழமை கேப்பர் மலை ஏற்றம். வியாழக்கிழமை கெடிலம் தாண்டித் தேவனாம்பட்டினம் மணலில். சனிக்கிழமை கடிகாரம்.

காலை நாலே முக்காலுக்கு ஆரம்பித்து விடியும்போது முடித்துவிடுவதுதான் முறை. வெயில் காலத்தில் வேறு நேரத்தில் ஓடுகிறவன் முட்டாள் என்று மாமாவே சொல்வார். ஆனால் பத்தொன்பது பேரில் எட்டுப் பேருக்குக் காலை நேரம் அவர்களுடையது இல்லை. ஒரு தம்பி ராத்திரி இரண்டு மணிக்கு மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்கப் போகிறான். இரண்டு பேர் முதுநகர் துறைமுகத்தில் மீன் கூடை தூக்குகிறார்கள். பெண்களில் மூன்று பேருக்கு விடியற்காலையில்தான் குழாய்த் தண்ணி வரும். இருட்டில் பெண் பிள்ளையை வெளியே அனுப்ப வீட்டிலும் சம்மதிப்பதில்லை. ஆக, இந்த எட்டுப் பேருக்கும் சாயந்திரம் நாலு மணி. கத்திரியில் நாலு மணி என்றால் என்னவென்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். விருத்தாசலம், நெய்வேலிப் பக்கம் வெயில் சுடும். இங்கே வெயில் அவிக்கும். கடல் பக்கத்தில் இருக்கிற காற்றில் ஈரம் அதிகம். வேர்த்தால் உடம்பு குளிர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். வேர்வை காற்றில் உலர்ந்தால்தான் உடம்புச் சூடு அதோடு போகும். ஈரக் காற்றில் வேர்வை உலராது, சொட்டும். சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருக்கும், உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். நண்பகல் வாக்கில் கடல்காற்று வந்துவிட்டால் கொஞ்சம் பிழைத்தோம். மேலக்காற்று ஓங்கி அடிக்கிற நாளில் கடல்காற்று உள்ளே வர முடியாமல் நிற்கும். அந்த மாதிரி நாளில் தேவனாம்பட்டினத்து மணலில் காலை வைத்தால் வாணலியில் வைத்த மாதிரி இருக்கும். மீன்காரப் பெண்கள் அந்தக் காற்றை வைத்தே அன்றைக்குச் சாயந்திரம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். நாங்களும் அவர்களைக் கேட்டுத்தான் ஓட்டத்தை வைப்பதும் தள்ளுவதும்.

வெயில் உடம்புக்குப் பழகுமா? பழகும். அதற்கு ஒரு கணக்கு உண்டு. பத்து நாளிலிருந்து பதினாலு நாள். முதல் இரண்டு நாள் கால் மணி நேரம், அதுவும் நடையும் ஓட்டமுமாக. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். அந்தப் பத்துப் பதினாலு நாளில் உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வேர்வை சீக்கிரமே ஆரம்பித்து அதிகமாக வருகிறது, வேர்வையோடு போகிற உப்பு குறைகிறது. சில வாரம் விட்டுவிட்டால் இந்தப் பழக்கம் போய்விடும், திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கலெக்டர் மகனுக்கும் இதே கணக்கு, கரும்பு வெட்டுகிறவன் மகனுக்கும் இதே கணக்கு. எந்தச் சாதிக்காரன் உடம்புக்கும் தண்ணி வேண்டாமல் போவதில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த மைதானத்தில் நிழலில் நின்று தண்ணி பிடித்துக்கொள்ள மட்டுமாவது விடுங்கள் என்று கேட்டபோது ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒங்க ஆளுங்களுக்கு என்னாம்மா, வெயிலெல்லாம் தாங்கும். வெயில்லியே வளந்த ஒடம்பு." திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் பாராட்டுகிற மாதிரி சொன்னார். இதே பாராட்டை எங்க அம்மா நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போன காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெயில் தாங்குற ஒடம்பு என்று சொல்லிவிட்டால் மரத்தடியில் உட்கார வைக்க வேண்டாம். தண்ணிக்கு வேலையை நிறுத்த வேண்டாம். கூலியும் கூட்ட வேண்டாம். எங்க அம்மாவுக்கு ஒவ்வொரு வெட்டுக் காலத்திலும் நீர்க்கடுப்பு வரும். "மூத்தரம் போனா நெருப்பு போவுதுடி" என்று அழும். எல் சால்வடாரிலும் நிகரகுவாவிலும் கரும்பு வெட்டுகிற இளவயசு ஆண்கள் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இல்லாமலேயே சிறுநீரகம் கெட்டுச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். வெயிலில் தண்ணியும் நிழலும் இல்லாமல் முறிந்து வேலை செய்வது அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அங்கேயும் எவனாவது ஒரு மேஸ்திரி வெயில் தாங்குற ஒடம்பு என்று சொல்லியிருப்பான்.

வைகாசி பிறந்து இரண்டாவது வியாழக்கிழமை. மூட்டை இறக்குகிற தம்பி மணலில் நாலாவது ஓட்டம் ஓடும்போது நேராக ஓடாமல் கடல் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனான். மாமா விசில் அடித்தார். நிற்கவில்லை. நான் கிட்டே போய்ப் பிடித்தபோது "அக்கா, மூட்ட இன்னும் எத்தினி இருக்கு?" என்றான். மார்க்கெட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். உடம்பில் கையை வைத்தால் அடுப்புமேல் வைத்த மாதிரி இருக்கிறது. அப்படியே மடங்கி விழுந்துவிட்டான். காலையிலிருந்து ஒரு டீயும் ஒரு பன்னும்தான் சாப்பிட்டிருக்கிறான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கேட்டபோதெல்லாம் சோறு தின்னேன் என்று சொல்லியிருக்கிறான்.

படகுகளுக்குப் பின்னால் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி ஓடிவந்தாள். "தண்ணிய வாயில ஊத்தாதீங்கடி, பொரையேறிப் பூடும்" என்று சத்தம் போட்டாள். படகு நிழலுக்கு இழுத்தோம். அவள் தன் மீன் பெட்டியை அப்படியே கொட்டிக் கவிழ்த்து, ஐசை அள்ளிக்கொண்டு வந்து அவன் அக்குளிலும் கழுத்திலும் தொடைச் சந்திலும் வைத்தாள். சங்கராவும் கானாங்கெளுத்தியும் மணலில் கிடந்தன. நாங்கள் துப்பட்டாவைக் கடல்தண்ணியில் நனைத்துப் போர்த்தி விசிறினோம். 108 வண்டி வருவதற்குள் கண்ணைத் திறந்து என்னை அடையாளம் தெரிந்துகொண்டான். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியசைத் தாண்டி, ஆளும் நிதானம் தப்பிப் பேசினால் அது வெப்பவாதம், முதலில் குளிர வைக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அந்த அம்மா அதைத்தான் செய்திருந்தாள். மறுநாள் மீனுக்குக் காசு கொடுக்கப் போனோம். "பெத்த புள்ளைக்கி வச்ச ஐசுக்குக் காசு வாங்குவாங்களா, போங்கடி அந்தாண்ட" என்று விரட்டிவிட்டாள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். எல்லாருக்கும் அப்படி ஒரு அம்மா கிடைப்பதில்லை. 2024 ஆகஸ்டு கடைசியில் ஜார்க்கண்டில் கலால் துறைக் காவலர் தேர்வு நடந்தது. ஆண்கள் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். செத்த பிறகுதான் தேர்வை நிறுத்தினார்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் யாரையும் ஓடவிடக் கூடாது என்று முதலமைச்சர் ஹேமந்த் சோரன் சொன்னதும் அப்போதுதான். ஒரு சில நூறு வேலைக்கு லட்சக்கணக்கில் பிள்ளைகள் வந்து வரிசையில் நிற்கிற நாட்டில், முறை வருவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. விட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்றால் எவன் போவான்? கடன் வாங்கிப் பஸ் ஏறி வந்தவன், வயசு வரம்பு முடியப் போகிறவன், விழுகிற வரைக்கும் ஓடத்தான் செய்வான். தமிழ்நாட்டு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெப்பத்தால் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். நல்ல காரியம்தான். சாகாமல் இருக்க ஒரு குழாயும் ஒரு கீத்துப் பந்தலும் யார் தருவார்கள் என்பதையும் அந்த அறிவிப்பில் சேர்த்திருக்கலாம்.

இனி நண்பர்கள் விசயம். "1993ல இதே மாவட்டத்துல, கம்மாபுரம் ஸ்டேசன்ல ராஜாக்கண்ணுவ அடிச்சிக் கொன்னாங்க. 1995ல கொடியங்குளம், 1999ல தாமிரபரணி, 2011ல பரமக்குடி. இத்தனையும் பாத்துட்டு நம்ம புள்ளைங்கள அதே காக்கிக்கு ஆள் சேத்து விடுறியா தோழர்?" என்று ஒருத்தர் கூட்டத்திலேயே கேட்டார். சரியான கேள்விதான். தாமிரபரணியில் தண்ணியில் தள்ளப்பட்டவர்களையும் அடித்தவர்களையும் நானும் மறக்கவில்லை. தேவனாம்பட்டினத்தில் நாங்கள் ஓடுகிற மணலுக்குப் பக்கத்தில்தான் 1690இல் கும்பினிக்காரன் வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டை இடிந்து கிடக்கிறது. கும்பினியின் சென்னைப் படையில் எங்கள் முன்னோர்கள் துப்பாக்கி பிடித்தார்கள். அம்பேத்கரின் அப்பா ராணுவத்தில் சுபேதார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்போது, வீரச் சாதி எது, வீரமில்லாத சாதி எது என்று வெள்ளைக்காரனே பட்டியல் போட்டுக் கதவைச் சாத்தினான். 1892இல் மகர்களை எடுப்பதை நிறுத்தினார்கள். வேண்டும்போது இழுத்துக்கொண்டு வேண்டாதபோது ஒடம்பு சரியில்லை என்று தள்ளிய கதை நமக்குத் தெரியும். ஆனாலும் சீருடை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? நானும் கவிதை எழுதி மாசச் சம்பளம் வாங்கவில்லை.

கேள்வி கேட்ட தோழருக்கு எங்கள் குழுவில் இருக்கிற ஒரு பெண்ணே பதில் சொன்னாள். அவள் அப்பா முந்திரித் தோப்பில் காவல். அம்மா முந்திரிக்கொட்டை உடைத்துக் கையெல்லாம் எண்ணெய் பட்டுத் தோல் கருகியவள். "அண்ணே, புகார் குடுக்கப் போனா எங்க ஆயாவ ஸ்டேசனுக்கு வெளிய வேப்பமரத்தடியில அஞ்சு மணி நேரம் நிக்க வச்சாங்க. உள்ள வாங்க ஆயா, உக்காருங்கன்னு சொல்ல ஒரு ஆளு வேணும். அது நானா இருந்தா என்னா? அப்புறம் சம்பளம் வருது இல்ல" என்றாள். அவள் உள்ளே போன பிறகு அப்படிச் சொல்லுவாளா, இல்லை அவளையும் அந்த நாற்காலி மாற்றிவிடுமா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சந்தேகத்தோடுதான் நான் கடிகாரம் பிடிக்கிறேன்.

பெண் பிள்ளைகள் ஓடுவதற்கு வெயிலைவிடப் பெரிய தடை தெரு. கேப்பர் மலைக்குப் போகிற வழியில் ஒரு ஊர்த்தெரு இருக்கிறது. முதல் வாரம் ஒரு பெரியவர் திண்ணையிலிருந்து "யாரூட்டுப் பொண்ணு நீ?" என்றார். அந்தக் கேள்வி எதைத் தேடுகிறது என்று கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவளுக்கும் தெரியும். அவள் நிற்காமலேயே "காலனி தாத்தா" என்று சொல்லிக்கொண்டு ஓடினாள். மறுநாள் பைக்கில் இரண்டு பேர் பின்னாலேயே வந்தார்கள். அதற்கு மறுநாள் மாமா முன்னால் ஓட, நான் பின்னால் ஓட, நடுவில் ஏழு பேரும் ஓடினார்கள். எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு வாங்குவது என்றால் என்னவென்று தெரிந்தது. வழியை மாற்றிக்கொள்ளலாமே என்று சிலர் சொன்னார்கள். அது நெடுஞ்சாலைத் துறை போட்ட தார் ரோடு. மாற்றவில்லை. இப்போது அந்தத் தெருவிலிருந்தே ஒரு பெண் எங்களோடு சேர்ந்து ஓடலாமா என்று ரகசியமாகக் கேட்டிருக்கிறாள். வீட்டில் சொல்லிவிட்டு வா என்று சொல்லியிருக்கிறோம்.

சாந்தி சௌந்தரராசனைப் பற்றி இந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வேன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளையில் வேலை செய்த தாய் தகப்பனுக்குப் பிறந்த எங்கள் பெண். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். அடுத்த சில நாளில் பால் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கி, உலகத்துக்கு முன்னால் நிற்க வைத்து அவமானப்படுத்தினார்கள். 2012இல் அவர் சூளையில் தினக்கூலிக்குக் கல் சுமக்கிறார் என்று பத்திரிகையில் வந்தது. வெயிலிலிருந்து ஓடிப்போய் ஆசியாவுக்கே இரண்டாவதாக வந்தவரைத் திரும்பவும் அதே வெயிலில் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு அவர் பயிற்சியாளர் படிப்பு முடித்து அரசுப் பயிற்சியாளராகப் பிள்ளைகளை ஓட வைத்தார். இதைச் சொல்லும்போது பெண் பிள்ளைகள் அழுவார்கள் என்று முதலில் நினைத்தேன். அழவில்லை. "அவங்க 800 மீட்டர எத்தினி நிமிசத்துல ஓடுனாங்கக்கா?" என்று கேட்டார்கள். இரண்டு நிமிடத்துக்குச் சில விநாடிதான் கூட என்றேன். நோட்டை வாங்கித் தங்கள் 400 மீட்டர் நேரத்தை எடுத்து இரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள்.

வைகாசி வியாழனுக்குப் பிறகு சில ஒழுங்குகள் வைத்துக்கொண்டோம். வந்ததும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. ஆளுக்கு ஒரு சொம்பு நீராகாரம், உப்புப் போட்டு, வெங்காயம் கடித்துக்கொண்டு, எங்கள் கண் முன்னால் குடிக்க வேண்டும். கம்மங்கூழ் கிடைக்கிற நாளில் கூழ். மல்லாட்டை உருண்டை ஒன்று. மூத்திரம் டீத்தண்ணி நிறத்தில் போனால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. சொல்ல வெட்கப்பட்டால் என்னிடம் சைகை காட்டினால் போதும். இரண்டு இரண்டு பேராக ஓடுவது, பக்கத்தில் இருப்பவன் உளறினாலோ வேர்வை திடீரென்று நின்றாலோ குரல் கொடுப்பது. ஐஸ் பெட்டி ஒன்று வாங்கினோம். அதை நிரப்பித் தருவது அந்த மீன்கார அம்மாவின் பொறுப்பு, அவளே எடுத்துக்கொண்டாள். திடலில் நாலு கழி நட்டுப் பனையோலை போட்டுவிட்டோம். சாயந்திர ஓட்டம் நாலிலிருந்து ஐந்தரைக்குத் தள்ளிப் போனது. மூட்டைத் தம்பிக்கு மட்டும் மூன்று வாரம் கழித்து, டாக்டர் சொன்ன பிறகுதான் மாமா அனுமதி கொடுத்தார். திரும்பவும் முதல் நாள் கணக்கிலிருந்து, கால் மணி நேரம்.

போன சனிக்கிழமை கடிகாரம் பிடித்தேன். பன்னிரண்டு பையன்களில் ஒன்பது பேர் ஏழு நிமிடத்துக்குள் வந்துவிட்டார்கள். பெண்கள் ஏழு பேரும் இரண்டரை நிமிடத்துக்குள் வந்தார்கள். முந்திரித் தோப்புக்காரர் மகள் ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி. மூட்டைத் தம்பி ஏழு நிமிடம் பதினோரு விநாடியில் வந்து கோட்டைத் தாண்டியதும் பந்தலுக்குள் போய் உட்கார்ந்தான். "பதினொன்னு எப்பிடிக்கா கொறைக்கிறது?" என்றான். கடைசி முக்கால் சுற்றில் கையை மேலே தூக்கி ஓடுகிறாய், அதை இறக்கினால் நாலு விநாடி போகும் என்று மாமா சொன்னார். மிச்சம் ஏழு விநாடிக்கு ராத்திரி மூட்டை வேலையை வாரத்தில் இரண்டு நாள் குறைக்க முடியுமா என்று அவன் அம்மாவிடம் கேட்க நாளைக்குப் போகிறேன்.